தடித்த நாடா, தளர்ந்த கண்ணி: ஃபிளீஸ் பின்னல் குறித்து வாசகர் கேள்விகள்

ஃபிளீஸ் துணியை நாடாவாக வெட்டி, கட்டைவிரல் பருமனுள்ள ஊசிகளால் போர்வையும் கால்மிதியும் பின்னும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒரு கேள்வியாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி: உல்லன் நூலில் ஸ்வெட்டரும் குல்லாயும் பின்னிப் பழகியவள் நான். ஃபிளீஸ் என்பதும் ஆட்டு ரோமம்தானா? என்னிடம் இருக்கும் 8, 10 எண் ஊசிகளால் இதைப் பின்ன முடியுமா? – வாசகி, குன்னூர்

பதில்: இன்று கடைகளில் ஃபிளீஸ் என்ற பெயரில் விற்கப்படும் மெத்தென்ற துணி ஆட்டு ரோமம் அன்று. பாலியெஸ்டர் இழையை இயந்திரத்தில் பின்னித் துணியாக்கி, அதன் இரு பக்கங்களையும் நுண்ணிய கம்பிகள் பதித்த உருளைகளால் சீவி இழைகளை மேலே எழுப்பி, பிறகு அவற்றை ஒரே உயரத்துக்குக் கத்தரித்து இதைத் தயாரிக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரில் இயங்கிய மால்டன் மில்ஸ் ஆலை 1979-இல் போலார் ஃபிளீஸை உருவாக்கியது. 1993 முதல், பயன்படுத்தி எறியப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுக்கும் இழையைக் கொண்டும் இதை நெய்யாமல் பின்னியே தயாரித்து வருகிறார்கள்.

இந்தச் செய்முறையில் நமக்கு வேண்டிய இரண்டு குணங்கள் அடங்கியிருக்கின்றன. அடிப்படையில் இது பின்னல் துணி என்பதால் இழுத்தால் நீளும். மேற்பரப்பு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், கத்தரித்த ஓரம் நூல் நூலாகப் பிரியாது. ஓவர்லாக் (ஓரம் பிரியாமலிருக்க இயந்திரத்தில் போடும் தையல்) அடிக்காமல், வெறுமனே வெட்டிய நாடாவையே நூலாகப் பயன்படுத்த முடிவது இந்த இரண்டாம் குணத்தால்தான்.

ஊசியைப் பொறுத்தவரை, உங்களிடம் இருப்பவை போதா. நம் நாட்டில் பழைய பிரிட்டிஷ் எண் முறையே பெரிதும் வழக்கில் இருப்பதால், உங்கள் 8 எண் ஊசி 4 மி.மீ. விட்டமும் 10 எண் ஊசி 3.25 மி.மீ. விட்டமும் உடையவையாக இருக்கும். அந்த முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையிலோ எண் கூடக்கூட ஊசி தடிக்கும், அங்கே 50 எண் என்றால் 25 மி.மீ. இந்தக் குழப்பத்தில் சிக்காமல் இருக்க, எந்த ஊசியை வாங்கினாலும் மி.மீ. அளவை மட்டும் பாருங்கள். அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் நூல்களைப் பருமன் வாரியாக 0 முதல் 7 வரை வகுத்திருக்கிறது. 10 செ.மீ. அகலத்தில் 7 முதல் 11 கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் வளையங்கள், வந்தால் அது 6-ஆம் வகை. 6 அல்லது அதற்கும் குறைவான கண்ணிகளே வந்தால் 7-ஆம் வகை. இந்த 7-ஆம் வகைக்கு 12.75 மி.மீ. தொடங்கி அதற்கு மேற்பட்ட ஊசிகள் வேண்டும். 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டிய ஃபிளீஸ் நாடா பெரும்பாலும் 7-ஆம் வகையிலேயே அடங்கும். போர்வைக்கு 20 அல்லது 25 மி.மீ. ஊசியே என் தேர்வு. அதற்குக் குறைந்த ஊசியில் கண்ணிகள் நெருங்கி, பின்னல் பலகையைப் போல் விறைத்துவிடும்.

கடையில் கிடைக்காவிட்டால் தச்சரிடம் சொல்லி 20 மி.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள உருண்டை மரக்கம்பிகள் இரண்டைக் கடைந்து வாங்கலாம். ஒரு முனையை மழுங்கிய கூராகச் சீவி, மணல் தாளால் மிக நன்றாகத் தேய்த்து, மெழுகு பூசிக்கொள்ளுங்கள். சிராய் ஒன்று மீந்திருந்தாலும் ஃபிளீஸ் இழை அதில் மாட்டிக்கொள்ளும் என்பதால், தேய்க்கும் வேலையில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் எடை போட்டு விற்கப்படுகிறது. அதில் ஃபிளீஸ் துண்டுகளும் நிறைய வருகின்றன. அவற்றை எந்தத் திசையில், எவ்வளவு அகலத்தில் வெட்டினால் நல்ல நாடா கிடைக்கும்? – வாசகர், திருப்பூர்

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஃபிளீஸ் பின்னலில் நல்லது கெட்டது அனைத்தும் ஊசியைத் தொடுவதற்கு முன்பே, கத்தரிக்கும் மேசையில் முடிவாகிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் துணியைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இரண்டு வெவ்வேறு துணிகளை ஃபிளீஸ் என்றே அழைக்கிறார்கள். ஒன்று, பருத்தியிலோ பருத்தி கலந்த இழையிலோ பின்னி, உட்புற வளையங்களை மட்டும் சீவி எழுப்பியது. ஹூடியும் டிராக் பேன்ட்டும் தைக்க உதவுவது. மற்றொன்று, இரு பக்கமும் மயிர் எழுந்த பாலியெஸ்டர் போலார் ஃபிளீஸ். பார்வைக்கு ஐயம் வந்தால், விரலளவுத் துண்டை இடுக்கியில் பிடித்து, அருகில் தண்ணீர் வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் தீயில் காட்டிப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டையும் ஒரே பின்னலில் கலக்காதீர்கள். துவைத்தபின் பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது, பின்னல் கோணிக்கொள்ளும்.

அடுத்தது திசை. துண்டின் மீது 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறிகள் இட்டு, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மாறி மாறி இழுத்துப் பாருங்கள். போலார் ஃபிளீஸ் பெரும்பாலும் அகலவாட்டில், அதாவது ஒரு கரையிலிருந்து மறு கரையை நோக்கி இழுக்கும்போது, அதிகமாக நீளும். அந்தத் திசையில் வெட்டிய நாடா மென்மையாக வளைந்து, இழுத்ததும் ஓரம் சுருண்டு, உருண்டையான கயிறு போல் ஆகும். ஆனால் பாரம் தாங்காமல் நீண்டுகொண்டே போகும். நீளவாட்டில் வெட்டிய நாடா தட்டையாகவே இருக்கும், அளவு மாறாது. ஆகையால் கழுத்தில் சுற்றும் சிறு மஃப்ளருக்கு அகலவாட்டு நாடாவையும், போர்வை, கூடை, கால்மிதி ஆகியவற்றுக்கு நீளவாட்டு நாடாவையும் பரிந்துரைக்கிறேன். கைவளைவும் கழுத்து வளைவும் வெட்டியெடுத்த கோணல்மாணலான துண்டுகளில் திசை பார்க்க இடமிருக்காது. அவற்றை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருளாக வெட்டிக்கொண்டே போனால் ஒரே நீள நாடா கிடைக்கும். அந்த நாடா ஓரிடத்தில் நீளும், ஓரிடத்தில் நீளாது என்பதால் அதைக் கால்மிதிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சதுரமான துணியாக இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து வெட்டி, எதிர்க் கரைக்கு 2.5 செ.மீ. முன்பாக நிறுத்தி, அடுத்த வெட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, இப்படியே மாறி மாறி வெட்டினால் துணி முழுவதும் ஒரே நாடாவாகும். திருப்பங்களில் நிற்கும் சதுர மூலைகளைக் கத்தரியால் வளைத்துவிடாவிட்டால் அவை பின்னலில் காது காதாகத் துருத்தும்.

அகலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கட்டிங் வேஸ்டில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) ஆக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் வெட்டினால் ஒரு வரிசை தடித்தும் அடுத்த வரிசை மெலிந்தும் போகும். ஆகவே அகலத்தை அன்றி, ஒரு மீட்டர் நாடாவின் எடையைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். 240 ஜி.எஸ்.எம். துணியை 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டினால் ஒரு மீட்டர் நாடா 6 கிராம் இருக்கும். 300 ஜி.எஸ்.எம். துணியை 2 செ.மீ. அகலத்திலும், 160 ஜி.எஸ்.எம். துணியை 3.75 செ.மீ. அகலத்திலும் வெட்டினால் அதே 6 கிராம்தான் வரும். உங்கள் ஊரில் ஜி.எஸ்.எம். பார்க்கத் தெரியாதவர்களே இல்லை என்பதால், இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதாக இராது.

கேள்வி: ஃபிளீஸ் போர்வையே கடையில் கிடைக்கும்போது, அந்தத் துணியை நாடாவாக வெட்டி மறுபடியும் போர்வையாகப் பின்னுவதில் என்ன பயன்? ஒரு போர்வைக்கு எவ்வளவு துணி செலவாகும்? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நேர்மையான கேள்வி. கணக்கையே முதலில் சொல்லிவிடுகிறேன். 20 செ.மீ. சதுரமாக ஒரு மாதிரி பின்னி, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அது 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், 100 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ள போர்வை அந்த மாதிரியைப் போல் 30 மடங்கு பரப்புடையது, எனவே 1.5 கிலோ நாடா வேண்டும். மீட்டருக்கு 6 கிராம் என்ற கணக்கில் அது 250 மீட்டர் நாடா. 150 செ.மீ. அகலமுள்ள 240 ஜி.எஸ்.எம். துணி ஒரு மீட்டர் எடுத்து 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டினால் 60 மீட்டர் நாடாதான் கிடைக்கும் என்பதால், துணி 4 மீட்டருக்கும் சற்று அதிகமாகவே தேவைப்படும். அதே அளவுப் போர்வையை வெட்டாத துணியிலிருந்து எடுத்தால் 1.2 மீட்டர் போதும்.

எனவே புதுத் துணியை வாங்கி வெட்டுவதை நான் ஒருபோதும் ஊக்குவிக்க மாட்டேன். அது பணத்துக்கும் கேடு, பொருளுக்கும் கேடு. இந்தக் கலை, வேறு எதற்கும் ஆகாத துணிக்கு உரியது: தையல் கூடத்தில் மீந்த ஓரங்கள், முழங்கை தேய்ந்த ஜாக்கெட், ஜிப் பழுதான மேலாடை, நடுவில் மெலிந்துபோன பழைய போர்வை. அப்படிப்பட்ட துண்டுகளை ஒட்டுப்போட்டும் தைக்கலாம் என்பீர்கள். தைக்கலாம்தான். ஆனால் 3 செ.மீ. அகலத் துண்டுகளை ஒட்டுப்போட முடியாது; பின்ன முடியும்.

வெதுவெதுப்பு விஷயத்திலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். தடித்த பின்னலின் கண்ணிகளுக்குள்ளும் நாடாவின் மயிர்களுக்கிடையேயும் அசையாக் காற்று தேங்குவதால், வீட்டுக்குள் கால்மேல் போட்டுக்கொள்ள அது மிகவும் இதமானது. கண்ணிகளுக்கிடையே இடைவெளி பெரிதென்பதால் திறந்த வெளியில் வீசும் காற்றை அது தடுக்காது. ஊட்டியிலோ ஏற்காட்டிலோ மாலையில் திண்ணையில் உட்காருபவர்களுக்கு வெட்டாத ஃபிளீஸ் துணியே மேல்.

கேள்வி: இங்கே கடைகளில் போர்வை பின்னுவதற்கென்றே பாலியெஸ்டர் தடிநூல் விற்கிறார்கள். அதை வாங்கி, நீங்கள் எழுதியிருந்த துணி நாடா அளவுகளைப் பின்பற்றலாமா? வெட்டிய முனையிலிருந்து பஞ்சு கொட்டிக்கொண்டே இருக்கிறதே, ஏன்? – வாசகி, டொராண்டோ

பதில்: பின்பற்ற வேண்டாம். நீங்கள் குறிப்பிடுவது துணி நாடா அன்று, செனில் வகை நூல். நடுவில் ஓடும் மெல்லிய இழைகளுக்கிடையே குறுக்குவாட்டில் குட்டை இழைகளைச் செருகி, முறுக்கிப் பிடித்துவைப்பதே செனில். முறுக்கு அறுந்த முனையில் அந்தக் குட்டை இழைகளைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் அவை உதிர்கின்றன. எடையிலும் பெரிய வேறுபாடு உண்டு. உங்கள் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் பெர்னாட் பிளாங்கெட் நூலின் 300 கிராம் உருண்டையில் 201 மீட்டர் நூல் இருக்கிறது. மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். அது 6-ஆம் வகை. நம் துணி நாடாவோ மீட்டருக்கு 6 கிராம் என்பதால் 300 கிராமில் 50 மீட்டர்தான் இருக்கும். ஒன்றுக்கு எழுதிய அளவில் மற்றொன்றைப் பின்னினால் போர்வை கைக்குட்டையாகும், அல்லது கைக்குட்டை போர்வையாகும்.

செனில் நூலை வெட்டும்போது 20 செ.மீ. வாலை விட்டு வெட்டுங்கள். முனையில் 1 செ.மீ. அளவு மடித்து, அதே நிறத் தையல் நூலால் நான்கைந்து சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டால் உதிர்வது நின்றுவிடும். பிறகு வாலைப் பின்னலின் பின்புறம் ஒரு திசையில் ஓட்டி, மறுபடியும் எதிர்த் திசையில் திருப்பி ஓட்டி, இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். செனில் வழுக்கும் நூல் என்பதால் வெறுமனே செருகிய வால் சில துவைப்புகளில் வெளியே வந்துவிடும். ஊசியும் மிகப் பெரிதாக வேண்டாம். கண்ணி தளர்ந்தால் நூல் தானாகவே புழுவைப் போல் வெளியே நெளிந்து நிற்கும். தவறாகப் பின்னியதைப் பிரிக்கும்போது மெதுவாகப் பிரியுங்கள், ஒரே நீளத்தை மீண்டும் மீண்டும் பிரித்தால் நடு இழை மட்டும் மிஞ்சும்.

கேள்வி: நாடாக்களை முடிச்சுப் போட்டு இணைத்தேன். போர்வை முழுவதும் முண்டு முண்டாக இருக்கிறது. வேறு வழி உண்டா? – வாசகி, சேலம்

பதில்: இரண்டு வழிகள் உண்டு. விரைவான வழி, துளை கோப்பது. இரண்டு நாடாக்களின் முனையிலும் விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி, நீளவாக்கில் ஒரு சிறு கீறல் போடுங்கள். பின்னிக்கொண்டிருக்கும் நாடாவின் முனையைப் புது நாடாவின் கீறல் வழியாக நுழைத்து, புது நாடாவின் வாலை எடுத்துப் பழைய நாடாவின் கீறல் வழியாக முழு நீளமும் இழுத்து மெல்ல இறுக்கினால், இரண்டும் கோத்துக்கொள்ளும். அதில் சிறு புடைப்பு மட்டும் இருக்கும். கால்மிதிக்கும் கூடைக்கும் அது பொருட்டன்று. போர்வைக்கு நான் தைப்பதையே விரும்புகிறேன். இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, பாலியெஸ்டர் நூலால் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டால், எழுந்த மயிர் அந்த இணைப்பை மறைத்துவிடும். நேரம் அதிகமாகும் என்பது உண்மைதான், ஆனாலும் பல ஆண்டுகள் உடலோடு ஒட்டிக் கிடக்கப்போகும் பொருளுக்கு அந்த நேரத்தைத் தரலாம்.

கேள்வி: குளிருக்காகச் சால்வை ஒன்று பின்னினேன். மடியில் இருந்தபோது சரியான நீளத்தில் இருந்தது. தோளில் போட்டதும் முழங்கால் வரை இறங்குகிறது. ஓரங்களும் உட்பக்கமாகச் சுருண்டுகொள்கின்றன. – வாசகி, நுவரெலியா

பதில்: இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. ஓரம் சுருளுவது, ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), மறு வரிசை பர்ல் (எதிர்க்கண்ணி) என்று ஸ்டாக்கினெட் முறையில் பின்னியதால் வருவது. மெல்லிய உல்லனிலேயே அது சுருளும், தடித்த நாடாவில் இரு மடங்கு தெரியும். எல்லா வரிசைகளையும் நிட் ஆகவே பின்னும் கார்டர் முறையில் முன்னும் பின்னும் சமமாக இழுபடுவதால் சுருளாது. இவ்வளவு தடித்த நாடாவில் நுணுக்கமான வேலைப்பாடுகள் கண்ணுக்கே தெரியாது என்பதால், கார்டர் முறையோ, ஒன்றுவிட்டு ஒன்று நிட்டும் பர்லும் மாறி வரும் மாஸ் முறையோ போதும்.

நீளுவதற்குக் காரணம் பாரம். சால்வையின் ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே தொங்கும் கண்ணிகள் அனைத்தின் எடையையும் தாங்குகிறது. நாடா அகலவாட்டில் வெட்டப்பட்டதாக இருந்தால் நாடாவும் நீளும், கண்ணியும் திறந்துகொள்ளும். பிரித்துப் பின்னுவதே உரிய வழி. நல்ல வேளையாக, ஃபிளீஸ் நாடா பிரிப்பதால் கெட்டுவிடாது. இம்முறை அகல முனையிலிருந்து தொடங்காமல், சால்வையின் நீளம் முழுவதையும் முதல் வரிசையாக ஏற்றிக்கொள்ளுங்கள். 10 செ.மீ.க்கு 5 கண்ணி வருமானால் 150 செ.மீ. நீளத்துக்கு 75 கண்ணிகள் ஏற்ற வேண்டும். பிறகு அகலம் போதும் என்னும் வரை சில வரிசைகள் மட்டும் பின்னி அடைத்துவிடலாம். இப்படிச் செய்தால் கண்ணி ஏற்றிய ஓரமும் அடைத்த ஓரமும் சால்வையின் நீளத்தோடு ஓடி, அதை இரு பக்கமும் பிடித்து நிறுத்தும். ஊசியை 15 மி.மீ.க்குக் குறைத்து, நீளவாட்டு நாடாவைப் பயன்படுத்துங்கள். தொடங்குமுன் பின்னும் மாதிரியைத் துணிக்கவ்வியில் மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, மறுநாள் அளந்து, அந்த அளவைக் கொண்டே கண்ணிகளைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது எழுபதுக்கு மேல். விரல் மூட்டுகளில் வலி உண்டு. தடித்த ஊசி பிடிப்பதற்கு எளிது என்று சொல்கிறார்களே, நான் முயலலாமா? – வாசகி, சென்னை

பதில்: அம்மா, தடித்த ஊசி எல்லாருக்கும் எளிது என்று சொல்பவர்கள், அதில் தொங்கும் பின்னலின் எடையை மறந்துவிடுகிறார்கள். 8 மி.மீ., 10 மி.மீ. ஊசிகள் மெல்லிய ஊசியைவிட இதமாக இருக்கலாம். 20 மி.மீ.க்கு மேல் போனால் விரல்கள் விரிந்தபடியே இருக்க வேண்டியிருக்கும். அரைப் போர்வை பின்னியதும் முக்கால் கிலோ மணிக்கட்டில் தொங்கும். உங்களுக்கு ஊசியே இல்லாத முறையைத்தான் பரிந்துரைப்பேன். சாப்பாட்டு மேசையின் மீது நாடாவை வைத்து, கையாலேயே சங்கிலிக் கண்ணிகள் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு விரல்களை நுழைத்து, நாடாவை வளையமாக இழுத்து, வரிசையாக மேசையிலேயே கிடத்திக்கொண்டு போகலாம். உல்லன் நூலில் இப்படிக் கிடத்திய கண்ணிகள் எளிதில் நழுவி ஓடிவிடும். ஃபிளீஸின் மயிர் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அவை வைத்த இடத்திலேயே இருக்கும். எடை முழுவதையும் மேசை தாங்கிக்கொள்ளும்.

முழுப் போர்வையை ஒன்றாகப் பின்னாமல், 30 செ.மீ. அகலமுள்ள பாகங்களாகப் பின்னி, வீட்டில் இளையவர்கள் யாரிடமேனும் கொடுத்து ஓரங்களைக் கோத்து வாங்கிக்கொள்ளுங்கள். வலி தெரியத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்துவது முக்கியம். ஊசியில் பின்னியே ஆக வேண்டும் என்ற விருப்பம் இருந்தால், இரு முனைகளையும் கேபிள் இணைக்கும் வட்ட ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னலின் பாரம் கேபிள் வழியாக மடியில் இறங்கிவிடும்.

கேள்வி: பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு இந்த நாடாவில் போர்வை பின்னலாமா? – வாசகி, மதுரை

பதில்: பின்னுங்கள், ஆனால் குழந்தையின் தொட்டிலுக்காக வேண்டாம். ஒரு வயது நிறையும் வரை தூங்கும் குழந்தையின் மீதும் அருகிலும் தளர்வான போர்வைகளை வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி வலியுறுத்துகிறது. தடித்த பின்னலில் கண்ணி இடைவெளி பெரிது. பிஞ்சு விரல் அதில் மாட்டிக்கொள்ளும். மதுரை வெயிலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடும் பருத்தி ஏறத்தாழ 8 விழுக்காடும் காற்றின் ஈரத்தை இயல்பாகவே ஏற்றுக்கொள்பவை. பாலியெஸ்டர் ஏற்பதோ அரை விழுக்காட்டுக்கும் குறைவு. குழந்தைக்கு வியர்த்தால் வியர்வை தோலிலேயே நிற்கும். பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துத் தைத்த விரிப்பைவிடச் சிறந்தது ஒன்றும் இல்லை. உங்கள் பின்னலை, குழந்தை தவழத் தொடங்கியதும், நீங்கள் அருகில் இருக்கும் வேளையில் தரைவிரிப்பாகப் போடலாம். அதற்குப் பருத்தி பனியன் நாடாவை எடுத்து, கண்ணிகளை நெருக்கமாகப் பின்னுங்கள்.

கேள்வி: ஃபிளீஸ் நாடாவில் பாத்திரம் இறக்கும் பிடிதுணி பின்னலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. பாலியெஸ்டர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். காய்ந்த தோசைக்கல்லும் அடுப்பின் சுடரும் அந்த வெப்பத்தை எளிதில் எட்டும். உருகிய பாலியெஸ்டர் தோலில் ஒட்டிக்கொள்வதால் தீப்புண் ஆழமாகும். பிடிதுணிக்கு முழுப் பருத்தி நாடா மட்டுமே ஏற்றது. ஃபிளீஸ் பின்னல் எதையும் அடுப்பருகே வைக்காதீர்கள்.

கேள்வி: செயற்கை இழைத் துணிகளைத் துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் நீரில் கலக்கின்றன என்று படித்தேன். ஃபிளீஸ் பின்னலைத் துவைக்கச் சரியான முறை என்ன? – வாசகர், புதுச்சேரி

பதில்: நீங்கள் படித்தது உண்மை. ஒரே ஓர் ஆடை ஒரு துவைப்பில் 1,900-க்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் என்று 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல், 6 கிலோ அக்ரிலிக் துணியைத் துவைத்தால் 7,00,000-க்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அதே அளவு பாலியெஸ்டர் துணிக்கு அவர்கள் கணக்கிட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 5,00,000. நம் நாடாவின் இரு பக்கமும் வெட்டிய ஓரமாகவே இருப்பதால், முழுத்துணியைவிட இது கூடுதலாகவே உதிர்க்கும் என்று கருதி நடந்துகொள்வதே பொறுப்பான செயல்.

ஆகவே உதிர வேண்டியதைப் பின்னுவதற்கு முன்பே உதிர்த்துவிடுங்கள். வெட்டிய நாடாவை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி நன்றாகக் குலுக்கி, உறையில் ஒட்டிய பஞ்சைத் துடைத்தெடுத்துக் குப்பையில் சேருங்கள். வாசலில் உதறினால் அது மழைநீரோடு கடலுக்குத்தான் போகும், உங்கள் ஊருக்குக் கடல் தொலைவில் இல்லை. போர்வையை அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை. பாலியெஸ்டர் எளிதில் அழுக்கை உள்வாங்காது என்பதால், கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். துவைக்க நேரும்போது குளிர்ந்த நீர், குறைந்த சுழற்சி, சிறிதளவு திரவச் சோப்பு ஆகியவை போதும். மென்மையாக்கும் திரவம் இழைகளின் மேல் படிந்து மயிரை அமுக்கிவிடும் என்பதால் அதைத் தவிருங்கள். இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பஞ்சைக் குழாயில் கழுவாமல் உலரவிட்டுக் குப்பையில் போடுங்கள். இழை தண்ணீரைக் குடிக்காவிட்டாலும் கண்ணிகளுக்கிடையே தண்ணீர் தேங்கும், 1.5 கிலோ போர்வை ஈரத்தில் அதைவிடப் பல மடங்கு கனக்கும் என்பதால், சிறிய இயந்திரமாக இருந்தால் பெரிய தொட்டியில் கையால் அமுக்கித் துவைப்பதே பாதுகாப்பு.

பிழியாமல், ஒரு பெரிய துண்டில் சுருட்டி அமுக்கி நீரை வெளியேற்றுங்கள். இஸ்திரி போடவே கூடாது. மயிர் உருகிப் பளபளப்பாகி, பிறகு எழவே எழாது. கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் போர்வை நீண்டுவிடும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன் மேல் விரித்துப் போட்டு, மேலும் கீழும் காற்றுப்படும்படி நிழலில் உலரவிடுங்கள். பாதி உலர்ந்ததும் ஒருமுறை புரட்டிப் போட்டு, ஓரங்களைக் கையால் நீவி நேராக்கிவிடுங்கள்.